பிரவுசர் மாற்றலாமா? கடையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். லப்டொப்பும் போனும் கொண்டுவருபவர்கள் காத்திருக்கும் நேரத்தில் கேட்பவை இவை. ஒரு தாளில் எழுதிப் பிரிண்டருக்கு மேலே ஒட்டலாம் என்றுதான் தொடங்கினேன், ஒரு தாளில் அடங்கவில்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உலாவி, மேலோடி என்றெல்லாம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் கடையில் எல்லோர் வாயிலும் வருவது பிரவுசர்தான், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

"தம்பி, எதில போனாலும் அதே வெப்சைட்தானே வருது? பிறகென்ன வித்தியாசம்?"

வெப்சைட் அதேதான். ஆனால் நீங்கள் எங்கெங்கே போனீர்கள், எதைத் தேடினீர்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதையெல்லாம் கூடவே நின்று பார்ப்பது பிரவுசர். எந்த டாக்டரின் பெயரைத் தேடினீர்கள் என்று அதற்குத் தெரியும். அடகு வட்டி எவ்வளவு என்று பார்த்ததும் தெரியும். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்கிறதா, தன்னைச் செய்த கொம்பனிக்கு அனுப்புகிறதா, வெப்சைட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் விளம்பரக்காரர்களை உள்ளே விடுகிறதா என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

பிரவுசருக்கு யாரும் காசு வாங்குவதில்லை. ஆகவே நான் முதலில் பார்ப்பது, அதைச் செய்தவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை. குரோமைச் செய்யும் கூகுளுக்கு வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்தில். சஃபாரியைச் செய்யும் அப்பிளுக்குப் பெரும்பகுதி போனும் கொம்பியூட்டரும் விற்பதில். பயர்பொக்ஸைச் செய்யும் மொஸில்லாவின் கதை கொஞ்சம் சங்கடமானது, அதைக் கீழே சொல்கிறேன்.

"ஒரு சாறி பார்த்தனான். இப்ப போற இடமெல்லாம் அந்தச் சாறிதான் வருது. போன் நான் கதைக்கிறதைக் கேட்குதோ?"

கேட்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை, அன்ரி. சாறிக் கடையின் பக்கத்துக்குள் கூகுள், பேஸ்புக் மாதிரி விளம்பர நிறுவனங்களின் சின்னத் துண்டு நிரல்கள் இருக்கும். நீங்கள் உள்ளே போனதும் அவை உங்கள் பிரவுசரில் ஒரு இலக்கத்தை எழுதி வைக்கும். அதுதான் குக்கீ. அடுத்து நீங்கள் செய்தி வாசிக்கப் போகும் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், "ஓ, அந்த மயில் கழுத்து நிறச் சாறி பார்த்தவர்" என்று அடையாளம் தெரிந்துவிடும். நீங்கள் போன வெப்சைட்டும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் இடையில் மூன்றாவதாக ஒருவர் வைப்பதால் இதை மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறார்கள்.

இதைக் கேட்ட அன்ரிக்கு அதே கடையின் பக்கத்தை என் லப்டொப்பில் திறந்து காட்டினேன். அதில் நான் போட்டிருக்கும் விளம்பரத் தடுப்பானின் சிவப்புக் கேடயத்தில் இலக்கம் 5, 11, 19 என்று ஏறி 27இல் நின்றது. சாறிப் படம் முழுதாக வருவதற்குள் 27 தொடர்புகளை அது மறித்திருந்தது. "ஒரு சாறிக்கு இத்தனை பேரா?" என்று கேட்டார்.

"குரோம்தான் பாதுகாப்பு என்று எங்கட ஒஃபிஸ் ஐடி ஆள் சொன்னவர். நீங்க வேண்டாம் என்றீங்க?"

அவர் சொன்னதும் சரி. வைரஸ், கள்ள வெப்சைட் போன்றவற்றைத் தடுப்பதில் குரோம் நல்லது, ஓட்டைகளையும் கெதியாக அடைப்பார்கள். உறுதியான பூட்டுப் போட்ட வாடகை அனெக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளன் வரமாட்டான். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

மேலே சொன்ன மூன்றாம் தரப்புக் குக்கீயை சஃபாரி 2020 மார்ச்சில் முழுதாக மறித்தது. பயர்பொக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு வெப்சைட்டின் குக்கீயையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, ஒன்றை மற்றது பார்க்க முடியாமல் செய்தது. இரண்டு வருடத்தில் தாங்களும் நிறுத்துவதாகக் கூகுள் 2020 ஜனவரியில் சொன்னது. பிறகு தள்ளிப்போட்டது, திரும்பவும் தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் வீட்டில் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"நான் எப்பவும் இன்கொக்னிட்டோவிலதான் போறனான். அது போதாதா?"

அதே போனைப் பாவிக்கும் தங்கச்சிக்கு உங்கள் தேடல் தெரியாமல் இருக்க அது போதும். மூடியதும் வரலாறும் குக்கீயும் அழிந்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் போகும் வெப்சைட்டுக்கும், இணையம் தரும் கொம்பனிக்கும், ஒஃபிஸ் வைஃபையைப் பார்ப்பவருக்கும் நீங்கள் எப்போதும்போலத் தெரிவீர்கள்.

இன்கொக்னிட்டோவிலும் தங்கள் தகவல் சேகரிக்கப்பட்டது என்று அமெரிக்காவில் கூகுளுக்கு எதிராக 2020இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் வந்த இணக்கத்தில், சேகரித்த பதிவுகளை அழிக்கவும், இன்கொக்னிட்டோ திறந்ததும் வரும் கறுப்புப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தைத் தெளிவாக எழுதவும் கூகுள் ஒத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தை ஒருமுறை உண்மையாகவே வாசித்துப் பாருங்கள். அதிலேயே எழுதியிருக்கிறது.

"சுத்தி வளைக்காம ஒண்டைச் சொல்லுங்கோ. எதைப் போடுறது?"

அன்ட்ரொய்ட் போனும் லப்டொப்பும் என்றால் பயர்பொக்ஸ். போட்டவுடன் யூபிளொக் ஒரிஜின் என்ற தடுப்பானையும் போடுங்கள். அந்தச் சிவப்புக் கேடயம் அதுதான். போன் பயர்பொக்ஸிலும் அது ஓடும், போன் குரோமில் இப்படிப் பிரவுசரோடு சேர்க்கும் துண்டு (எக்ஸ்டென்ஷன்) போடவே முடியாது. லப்டொப் குரோமில் முந்தி ஓடியது. எக்ஸ்டென்ஷன் விதிகளைக் கூகுள் மாற்றியதால் 2025 நடுப்பகுதிக்குள் அது அங்கே நின்றுவிட்டது, இப்போது இருப்பது லைட் என்ற மெலிந்த பதிப்பு.

ஒன்றையும் தொடாமல் போட்டவுடன் வேலை நடக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிரேவ். என் அம்மாவின் போனில் நான் போட்டிருப்பதும் பிரேவ்தான். அப்புறம், எதைப் போட்டாலும் தேடுபொறியையும் ஒருமுறை பாருங்கள். பிரவுசரை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் கூகுளில் தேடினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. டக்டக்கோ நல்லது, ஆனால் தமிழில் தேடும்போது எனக்குக் கூகுள் அளவுக்கு வருவதில்லை. ஆங்கிலத்தில் அதிலும், தமிழில் தேவைப்பட்டால் கூகுளிலும் தேடுகிறேன்.

"பயர்பொக்ஸ்காரரும் கூகுளிட்டத்தானே காசு வாங்குறாங்க?"

ஆம். தேடுபொறியாகக் கூகுளை முன்னால் வைத்திருப்பதற்கு வரும் பணம்தான் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு. 2025 பெப்ரவரியில் பாவனை விதிகளைப் புதிதாக எழுதும்போது, "உங்கள் தரவை விற்கமாட்டோம்" என்ற பழைய வாக்குறுதியையும் எடுத்துவிட்டார்கள். பெரிய சத்தம் எழுந்தது, சில நாட்களில் விதிகளின் வாசகத்தைத் திருத்தினார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை.

இருந்தும் ஏன் அதைச் சொல்கிறேன்? நிரல் யாரும் வாசித்துப் பார்க்கத் திறந்திருக்கிறது, கண்காணிப்பை மறிக்கும் வேலை உண்மையாக நடக்கிறது, யூபிளொக் முழுதாக ஓடுகிறது. இன்னொன்று: எட்ஜ், பிரேவ், ஒப்பரா, விவால்டி எல்லாம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற அடித்தள நிரலின் மேல் கட்டியவை. அப்பிளின் சஃபாரியை விட்டால், பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவரும் சொந்த இயந்திரம் பயர்பொக்ஸுக்கு மட்டும்தான். அதுவும் போய்விட்டால் இணையம் எப்படி ஓட வேண்டும் என்பதைக் கூகுளும் அப்பிளும்தான் தீர்மானிக்கும்.

"நானா, பிரேவ் போட்டா கொயின் அது இது என்று வருதே. சுத்துமாத்தா?"

சுத்துமாத்து இல்லை. அவர்களின் பிழைப்பு அதில் கொஞ்சம் இருக்கிறது. பிரேவைத் தொடங்கியவர்களில் ஒருவர் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவர். விளம்பரம் பார்த்தால் கிரிப்டோ கொயின் தரும் ஏற்பாடு நீங்களாக இயக்கினால்தான் ஓடும், தொடாமல் விடலாம். கொயின் வைக்கும் வொலெட் பொத்தானையும் மறைக்கலாம்.

ஒரு கறை இருக்கிறது. 2020 ஜூனில், ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால் தங்களுக்குத் தரகு கிடைக்கும் குறியீட்டைப் பிரேவ் தானாகச் சேர்ப்பதைப் பாவனையாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐக் பிழை என்று ஒத்துக்கொண்டு நிறுத்தினார். நான் அதை மறக்கவில்லை, ஆனாலும் அம்மாவின் போனில் இருந்து எடுக்கவும் இல்லை.

"ஐபோனுக்கு என்ன?"

சஃபாரியே போதும். ஐபோனில் குரோம், பயர்பொக்ஸ் எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது அப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சில் விலக்குக் கொடுத்தார்கள், கொழும்பில் அது இல்லை. விளம்பரத் தடுப்பான் ஒன்றை மட்டும் அப் ஸ்டோரில் எடுத்துச் சேருங்கள்.

"டேட்டா கெதியா முடியுது. யூசி, ஒப்பரா மினி போட்டா மிச்சம் பிடிக்கலாம் என்கிறாங்க."

பிடிக்கலாம், ஆனால் எப்படி என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஒப்பரா மினி மிகக் கூடுதலாகச் சுருக்கும் முறையில், நீங்கள் கேட்ட பக்கம் முதலில் அவர்களின் சேர்வரில் திறந்து, அங்கே சுருங்கி, பிறகுதான் உங்கள் போனுக்கு வருகிறது. நடுவில் ஒருவர் உங்கள் பக்கத்தை விரித்துப் பார்த்த மாதிரி. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கச் சரி, பேங்க் கணக்கு பார்க்க வேண்டாம். ஒப்பரா பிரவுசர் 2016இல் நோர்வேக்காரர்களிடமிருந்து சீன முதலீட்டாளர் கூட்டமைப்பு ஒன்றுக்குக் கைமாறியது.

யூசி பிரவுசர் உங்கள் தேடல் சொற்களைக்கூடப் பூட்டாமல் அனுப்புவதை டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் 2015இல் எடுத்துக் காட்டியது. 2020 ஜூனில் இந்தியா அதைத் தடைசெய்தது. என் கடைக்கு வரும் போன்களில் இன்னும் காண்கிறேன், கேட்டுவிட்டு அழித்துவிடுவேன். டேட்டா மிச்சம் பிடிக்க யூபிளொக்கே உதவும். சாறிக் கடைக் கதையில் மறித்த 27 தொடர்புகளும் உங்கள் டேட்டாவில்தான் ஓடியிருக்கும்.

"அப்ப பாதுகாப்புக்கு நாலைஞ்சு எக்ஸ்டென்ஷன் போட்டுவிடவா?"

ஒன்று போதும். எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ளே இருந்து நீங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கிற ஆள், அதுவும் விலைக்குப் போகக்கூடிய ஆள். த கிரேட் சஸ்பெண்டர் என்று நல்ல பெயர் எடுத்த ஒன்று இருந்தது. செய்தவர் 2020இல் யாரோ ஒருவருக்கு விற்றார், 2021 பெப்ரவரியில் அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் அதை நிறுத்தியது. பெயரைப் பார்த்து நம்பியவர்களுக்கு ஆள் மாறியது தெரியாது.

வைரஸ் தடுப்பான் கொம்பனியின் எக்ஸ்டென்ஷன் என்றால் நம்பலாம் என்றும் நினைக்காதீர்கள். பாவனையாளர்கள் எங்கே போனார்கள் என்ற விபரத்தை அவாஸ்ட் தன் துணை நிறுவனம் மூலம் விற்றதற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்டவைத்தது.

"பயர்பொக்ஸ்ல என்ட பேங்க் வேலை செய்யுதில்லை!"

முதலில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் யூபிளொக்கை நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் சரிவரும். அப்படியும் வராவிட்டால் பயர்பொக்ஸை அழிக்காதீர்கள், இரண்டு பிரவுசர் வைத்திருங்கள். மீன் சட்டியில் பால் காய்ச்சமாட்டோம்தானே? பேங்க், அரசாங்கப் படிவம், ஓடிபி வரும் காரியங்களுக்கு ஒன்று. செய்தி, தேடல், பொழுதுபோக்குக்கு இன்னொன்று. பேங்க் பிரவுசரில் வேறு எதையும் திறக்காதீர்கள். நான் இப்படித்தான் செய்கிறேன், பேங்குக்குக் குரோம். என் பேங்க் எது என்று கூகுளுக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், இரவு 2 மணிக்கு நான் என்ன வாசிக்கிறேன் என்பது தெரிய வேண்டியதில்லை.

லப்டொப்பில் ஒன்றைக் கவனியுங்கள். குரோமில் ஜிமெயிலுக்குள் நுழைந்தால் பிரவுசரும் உங்கள் பெயரில் நுழைந்துகொள்ளும். 2018இல் வந்த பழக்கம், எதிர்ப்புக்குப் பிறகு அமைப்புகளில் நிறுத்தும் வசதி வைத்தார்கள்.

"பேஸ்புக்ல வாற லிங்க்கை அமத்தினா எந்தப் பிரவுசர்ல திறக்குது?"

பெரும்பாலும் பேஸ்புக்கின் சொந்தச் சின்னப் பிரவுசரில். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட பயர்பொக்ஸ் அங்கே சும்மா இருக்கும். இன்ஸ்டகிராம், பேஸ்புக் செயலிகள் தங்களுக்குள் திறக்கும் வெளிப் பக்கங்களில் சொந்த நிரலைச் செருகுவதை ஃபீலிக்ஸ் கிரவுசே என்ற ஆய்வாளர் 2022 ஆகஸ்டில் காட்டினார். மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அமத்தி, வெளிப் பிரவுசரில் திற என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

"கொமியூனிகேஷன்ல போய் சிவி அடிக்கேக்க என்ன பார்க்கணும்?"

கொமியூனிகேஷன் கடையின் பொதுக் கொம்பியூட்டரில்தான் இன்கொக்னிட்டோவுக்கு உண்மையான வேலை. திறந்து, வேலையை முடித்து, எல்லா ஜன்னலையும் மூடுங்கள். ஆனால் தரவிறக்கிய கோப்புகளை அது அழிக்காது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கப் போய் டவுன்லோட்ஸ் பெட்டியைத் திறந்தேன். அடையாள அட்டையின் முன்பக்கம் பின்பக்கம், பிறப்புச் சான்றிதழ், ஒருவரின் சம்பளத் துண்டு என்று வரிசையாகக் கிடந்தன. கடைக்காரரிடம் சொன்னேன், "ஆக்கள் அழிக்கிறதில்லை அண்ணை" என்றார். உங்களுடையதை நீங்களே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலியாக்குங்கள்.

"நான் எங்க போறன் என்று சிம் கொம்பனிக்குத் தெரியுமா?"

வெப்சைட்டின் பெயர் தெரியும். இப்போது அநேகமாக எல்லாப் பக்கமும் பூட்டு முறையில் வருவதால், உள்ளே எதை வாசித்தீர்கள் என்பது தெரியாது. இன்ன பேங்குக்குப் போனார் என்று தெரியும், மிச்சம் எவ்வளவு என்று தெரியாது. சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிந்திருப்பதால் ஆள் யார் என்பதும் தெரியும். அன்ட்ரொய்ட் 9இலிருந்து வந்த போன்களில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால், வெப்சைட்டின் பெயரைச் சொல்லி அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போகும் முதல் தகவலும் பூட்டப்படும். ஆனால் தொடர்பு தொடங்கும் இடத்தில் பெயர் பெரும்பாலும் இன்னும் வெளியே தெரிகிறது, முழு மறைப்பு என்று எண்ண வேண்டாம்.

"அப்ப விபிஎன் போட்டா சரிதானே?"

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 அன்று என்று பல தடவை இங்கே சமூக வலைத்தளங்களை மறித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கைக்குக் கிடைத்த இலவச விபிஎன்னை ஆளாளுக்குப் போட்டார்கள். மறிப்பு எடுபட்டும் அவை போனிலேயே கிடக்கின்றன. அண்மையில் ஒரு போனில் நான்கைக் கண்டேன்.

விபிஎன் என்பது உங்கள் தொடர்பை வேறொரு கொம்பனியின் சேர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது. ஆகவே சிம் கொம்பனிக்குத் தெரிந்தது இப்போது விபிஎன் கொம்பனிக்குத் தெரியும், ஆள்தான் மாறியிருக்கிறார். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இலவச விபிஎன்னைவிடச் சிம் கொம்பனியே மேல் என்பேன். அதற்காவது ஒரு விலாசமும் நம் நாட்டுச் சட்டமும் உண்டு. குக்கீக்கும் விபிஎன்னுக்கும் சம்பந்தமே இல்லை, சாறி அங்கேயும் துரத்தும்.

"குக்கீ எல்லாம் அழிச்சுட்டா என்னை ஒருத்தருக்கும் தெரியாதுதானே?"

உங்கள் திரை அளவு, எழுத்துருக்கள், நேர வலயம், மொழி, கிராபிக்ஸ் காட் எல்லாவற்றையும் சேர்த்தால் அது கைரேகை மாதிரி ஆகிவிடும். இணைய உரிமைகளுக்காக வேலைசெய்யும் அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை (EFF) 2010இல் சோதித்தபோது, வந்த பிரவுசர்களில் நூற்றுக்கு 83க்கும் மேல் தனித்துத் தெரிந்தன. தமிழ் மொழி அமைப்பும் கொழும்பு நேரமும் சேர்ந்தாலே கூட்டம் எவ்வளவு சிறுக்கும் என்று யோசியுங்கள். பிரேவ் இந்த விபரங்களைக் கொஞ்சம் கலக்கிக் கொடுக்கும், பயர்பொக்ஸும் ஓரளவு மறைக்கும்.

இதற்கு எல்லோரும் ஒரே முகத்தோடு தெரிவதுதான் வழி. டோர் பிரவுசர் அதைச் செய்கிறது. மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாக ஓடும், பல வெப்சைட்டுகள் உள்ளே விடாது. செய்தியாளருக்கும் உண்மையான ஆபத்தில் இருப்பவருக்கும் அது தேவை. மின் கட்டணம் கட்ட அது வேண்டாம்.

"எனக்கு ஒளிக்க ஒண்டும் இல்லை. பிறகேன் இந்தக் கரைச்சல்?"

மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில், சரிவரும்வரை அயலட்டைக்கு மூச்சு விடமாட்டோம். அப்படி ஒரு வீட்டில் தகப்பன் குடும்ப டப்லெட்டில் மண்டப வாடகை தேடியிருக்கிறார். வந்த மச்சினிச்சி சமையல் காணொளி பார்க்க அதை எடுத்தால், பக்கம் முழுக்கக் கலியாண மண்டபமும் தாலிக்கொடி விளம்பரமும். தகப்பன் டப்லெட்டை என்னிடம் கொண்டுவந்து, "இதைப் பேசாமல் இருக்கச் செய்யுங்கோ" என்றார். பயர்பொக்ஸும் யூபிளொக்கும் போட்டுக் கொடுத்தேன்.

"லப்டொப் விண்டோஸ் 7. என்ன செய்ய?"

குரோம் 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. பழைய பிரவுசரில் பேங்குக்குப் போவது ஓட்டை வீட்டில் நகை வைப்பது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தரலாம், வந்து கதையுங்கள்.

"மாத்தினா பாஸ்வேர்ட், புக்மார்க் எல்லாம் போயிடுமே?"

போகாது. லப்டொப்பில் பயர்பொக்ஸ், பிரேவ் இரண்டும் முதல் தடவை திறக்கும்போதே குரோமில் இருப்பதை எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். பயர்பொக்ஸில் முதன்மைப் பாஸ்வேர்ட் ஒன்றையும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்து கிடக்கும் லப்டொப்பில் உட்காரும் யாரும் எல்லாப் பாஸ்வேர்டையும் வாசிக்கலாம்.

தானாக எடுக்காவிட்டால் குரோமிலிருந்து பாஸ்வேர்டுகளைக் கோப்பாக எடுத்துப் புதுப் பிரவுசரில் ஏற்றலாம். அந்தக் கோப்பில் பூட்டுக் கிடையாது. எக்ஸலில் திறந்தால் வெப்சைட், பெயர், பாஸ்வேர்ட் என்று மளிகைப் பட்டியல் மாதிரி வரும். ஏற்றி முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்து அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால், அங்கேயும்.